முகத்துக்கு என்ன விலை?

சாலையோரத்தில் மூன்று கிழவிகள் குந்தியிருந்து நாய்க்கறி வாட்டுகிறார்கள். மூவருக்கும் இடக்கண் பார்வை இல்லை. அந்த வழியே தேரில் வருகிறான் கூ குலின், பழைய ஐரிஷ் கதைகளில் அல்ஸ்டர் நாட்டின் பெருவீரன். அவன் பெயருக்கே 'குலனின் வேட்டைநாய்' என்றுதான் பொருள். ஆகவே நாய்க்கறி அவனுக்கு விலக்கு. அடுப்பு எரிகிற இடத்தில் உண்ண அழைத்தால் மறுத்துவிட்டுப் போவதும் அவனுக்கு விலக்கு. கிழவிகள் அழைக்கிறார்கள். அவன் தயங்குகிறான். பெரிய வீட்டு விருந்தென்றால் இறங்கியிருப்பாய், ஏழை அடுப்பு என்பதால்தானே போகிறாய் என்று குத்துகிறார்கள். இறங்குகிறான், இடக்கையால் வாங்கித் தின்கிறான், எலும்பை இடத்தொடைக்கு அடியில் வைக்கிறான். அந்தக் கையும் தொடையும் வலுவிழக்கின்றன. அதன்பின் போர்க்களம், சாவு.

இந்தக் காட்சியை ஒரு விளையாட்டின் விதியாக எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது? நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்ததிலிருந்து உலகெங்கும் ஆடப்படுகின்றன. வாள்வீச்சுக்கு அவற்றில் விதி உண்டு, மந்திரத்துக்கு உண்டு, பூட்டு திறக்கவும் உண்டு. மானத்துக்கு விதி எழுதப் போகும்போதுதான் வடிவமைப்பாளர்கள் தடுமாறுகிறார்கள். கெல்டிக் சாயல் கொண்ட உலகம் என்றால் தடுமாற்றம் இன்னும் கூடும். அங்கே மானம்தான் கதையையே ஓட்டுகிறது.

இதுவரை வந்த விடைகளில் பழையதும் பரவலானதும் புள்ளிக் கணக்கு. 1985இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வந்த 'ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ்' என்ற துணைநூல், ஜப்பானிய சாமுராய் உலகத்தை மனதில் வைத்து, இன்ன செயலுக்கு இத்தனை மானப்புள்ளி ஏறும், இன்ன செயலுக்கு இத்தனை இறங்கும் என்று அட்டவணை போட்டது. அதே விளையாட்டின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி நூல், வலிமை, அறிவு போன்ற ஆறு குணங்களோடு ஏழாவதாக 'மானம்' என்ற குணத்தை வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டிலும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றே: மானம் என்பது ஆளுக்குள் இருக்கும் ஒரு சரக்கு, அதை அளக்கலாம்.

கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்ட்ராகன்', அதுவும் 1985தான், இதைவிட நுட்பமானது. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய அந்த ஆட்டத்தில் குணங்கள் 13 இரட்டைகளாக வரும். இரக்கமும் கொடுமையும் ஒரு இரட்டை, கொடையும் தன்னலமும் இன்னொன்று. ஒவ்வோர் இரட்டையின் கூட்டுத்தொகை 20. இரக்கம் 15 என்றால் கொடுமை 5. நெருக்கடியில் 20 முகப் பகடையை உருட்டினால், ஆடுபவர் விரும்பாததையும் பாத்திரம் செய்துவிடக்கூடும். விசுவாசம், மானம், விருந்தோம்பல் எல்லாம் வேட்கைகளாகத் தனியே எண் பெறுகின்றன. ஆனால் பென்ட்ராகனின் மானம், பிற்கால பிரெஞ்சு வீரக்கதைகளின் ஷிவல்ரி. குதிரைவீரனின் நெஞ்சுக்குள் எரியும் விளக்கு அது. 1997இல் வந்த 'லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்' இன்னொரு நல்ல காரியம் செய்தது. உள்ளிருக்கும் மானத்தையும் ஊர் பேசும் புகழையும் வேறுவேறு எண்களாகப் பிரித்தது.

கெல்டிக் உலகத்துக்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு. 1992இல் கிரேம் டேவிஸ் எழுதிய கெல்ட்ஸ் துணைநூல் அவற்றில் ஒன்று. '2000 ஏடி' இதழில் 1983இல் தொடங்கிய 'ஸ்லாய்ன்' படக்கதையை வைத்து 2002இல் மாங்கூஸ் பதிப்பகம் ஓர் ஆட்டம் வெளியிட்டது. அது மானத்தைப் பழைய ஐரிஷ் பெயராலேயே 'எனெக்' என்று அழைத்தது. சரியான சொல்லைப் பிடித்தது பெரிய விஷயம். எனெக் என்றால் முகம்.

தமிழ் வாசகருக்கு இது வியப்பாக இராது. முகத்தில் கரி பூசுவது, முகத்தில் விழிக்க முடியாமல் போவது, முகம் கொடுத்துப் பேசாதது என்று நாமும் மானத்தை முகத்தில்தான் வைத்திருக்கிறோம். ஐரிஷ்காரர்கள் ஒரு படி மேலே போய் அந்த முகத்துக்கு விலை குறித்தார்கள். 'லோக் நெனெக்', சொல்லுக்குச் சொல் முகவிலை. (பங்குச் சந்தைக்காரர்கள் 'முகமதிப்பு' என்கிறார்களே, கிட்டத்தட்ட அதைப்போலத்தான்.) ஏறத்தாழ கி.பி. 700இல் எழுதப்பட்ட 'க்ரித் கவ்லாக்' என்ற சட்டநூல் படிநிலை வாரியாக இதை அடுக்குகிறது. கணக்கு 'ஷேட்' என்ற அலகில். ஒரு ஷேட் பெரும்பாலும் அரைக் கறவைப்பசு. இளங்குடியானவனுக்கு 3 ஷேட், மாடுகன்று வைத்திருக்கும் நிறைகுடியானவனுக்கு 5, பிரபுக்களில் கீழ்ப்படிக்கு 10, பிறகு 15, 20, 30. 'துவா' எனப்படும் சின்னஞ்சிறு நாட்டின் அரசனுக்கு 7 கூமல். கூமலின் மதிப்பு நூலுக்கு நூல் மாறும். பலவற்றில் மூன்று கறவைப்பசு.

வேல்ஸ் நாட்டுச் சட்டம் இதைக் கண்ணால் பார்க்கும்படியே வைத்தது. அபெர்ஃப்ராவ் அரசனை அவமதித்தவன் பசுக்களோடு ஒரு தங்கத் தட்டும் தரவேண்டும். அரசனின் முக அகலம், பல ஆண்டு உழுதவனின் நகத் தடிமன். மாபினோகி கதைகளில், அயர்லாந்து மன்னன் மாதொலுக்கின் குதிரைகளை எவ்னிஷியென் என்ற பொல்லாதவன் உதடும் காதும் வாலும் அறுத்து மூளியாக்கியபோது, பிரித்தானிய மன்னன் பிரான் அதே முறையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளிக்கோலும் முகம் அகலத் தங்கத் தட்டும் கொடுத்துச் சமாதானம் பேசுகிறான். அடிபட்டது குதிரை, காயம்பட்டது முகம்.

இந்த விலை நட்டஈடு வாங்க மட்டும் அல்ல என்பதுதான் வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டிய இடம். ஒருவன் தன் முகவிலை அளவுக்குத்தான் தன்னிச்சையாக ஒப்பந்தம் போடலாம், பிணை நிற்கலாம். உயர்ந்தவன் சத்தியம் செய்தால் தாழ்ந்தவன் சத்தியம் அதன்முன் நிற்காது. தன் படிக்குச் சமமானவனுக்கோ கீழானவனுக்கோ மட்டுமே அடைக்கலம் தரலாம். அந்த அடைக்கலத்தை மீறுகிறவன் அடைக்கலம் தந்தவனுக்கு முகவிலை கட்டவேண்டும். ஆக எனெக் என்பது நல்லவன், கெட்டவன் என்று அளக்கும் வெப்பமானி அல்ல. ஒருவனால் ஊருக்குள் எதைச் செய்ய முடியும் என்ற வரம்பு. கடன் அட்டையின் உச்சவரம்பு போல என்று சொன்னால் ஐரிஷ் அறிஞர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் மேசையில் உட்காரும் ஆட்டக்காரருக்கு அது உடனே புரியும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரம் நிறைகுடியானவன், முகவிலை 5 ஷேட். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. மழையில் நனைந்த இளைஞன், கையில் வெட்டுக்காயம், அடைக்கலம் கேட்கிறான். ஆட்டக்காரர் தயங்காமல் தருகிறார், அடுப்பருகே உட்கார வைக்கிறார். சற்று நேரத்தில் வெளியே குதிரைகள். வந்திருப்பவன் 20 ஷேட் பிரபு. வாள் உருவாமல் வாசலிலேயே நின்று ஒன்றே ஒன்று கேட்கிறான்: உள்ளே இருப்பவன் யார் மகன் தெரியுமா? இளைஞனின் தந்தை 15 ஷேட் பிரபு. தந்தை நிழலில் வாழும் மகனுக்குத் தந்தை விலையில் பாதி, ஏழரை. ஐந்து ஷேட் குடியானவன் ஏழரை ஷேட்காரனுக்கு அடைக்கலம் தர முடியாது. கொடுத்த சொல் சட்டப்படி செல்லாது, அடுப்பருகே அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். இங்கே பகடை தேவையே இல்லை. மூன்று எண்கள் போதும், மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். மானப்புள்ளி முறையில் இதே காட்சி 'அடைக்கலம் தந்தாய், இரண்டு புள்ளி கூட்டிக்கொள்' என்று முடிந்துபோயிருக்கும்.

இதிலேயே ஒரு பெரிய சிக்கலும் இருக்கிறது. அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒரே சமயத்தில் 150 துவாக்கள் வரை இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். எல்லாம் கையகல நாடுகள். சாதாரண மனிதனின் முகவிலை தன் துவாவுக்குள்தான் செல்லும். எல்லை தாண்டினால் அவன் யாரோ. கடல்கடந்து வந்து அந்நியனாய் வாழ்பவனைச் சட்டம் 'சாம்பல் நாய்' என்கிறது. உள்ளூர்ப் பெண்ணை மணந்தால் மனைவியின் விலையில் பாதிதான் அவனுக்கு. ஆனால் இந்த வகை விளையாட்டில் நாயகர்கள் செய்யும் வேலையே ஊர் ஊராய்த் திரிவது! கெல்டிக் மானத்தை அப்படியே எடுத்தால், குழுவில் இருக்கும் நாலு பேரும் இரண்டாவது வாரத்திலேயே சாம்பல் நாய்கள்.

இதற்கு விடையும் அந்தச் சமூகத்திலேயே இருக்கிறது. நிலம் கைக்கு வராத இளைஞர்கள் காட்டில் திரிந்து வேட்டையாடிய 'ஃபீயன்' கூட்டங்கள் இருந்தன. ஃபின் மக் கூலின் கதைகள் அவர்களைப் பற்றியவை. கவிஞர்கள் எல்லைகளைத் தாண்டினார்கள், அவர்கள் மதிப்பும் கூடவே தாண்டியது. தலைமைக் கவிஞனுக்குத் துவா அரசனுக்குச் சமமான முகவிலை. குழுவில் ஒரு கவிஞன் இருந்தால் மற்றவர்கள் அவன் நிழலில் நடக்கலாம். அல்லது ஆட்டத்தையே ஒரு துவாவுக்குள் அடைத்துவிடலாம். எனக்குக் கடைசி வழிதான் பிடிக்கும் என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் கொஞ்சம் பேர். ஆனால் சரியான வழி அதுதான். மறுநாள் காலையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் மானம் வேலை செய்யாது.

மானம் எப்படிப் போகும்? பட்டியல் நீளமானது, சில வரிகள் வேடிக்கையானவை. விருந்தோம்ப மறுத்தால் போகும். திருட்டுப் பொருளென்று தெரிந்தே தின்றால் போகும். பொய்ச்சாட்சி சொன்னால் போகும். அரசன் மண்வெட்டியோ கோடரியோ எடுத்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டால் அவன் விலை குடியானவன் விலையாகும். போரில் புறங்காட்டி ஓடும்போது பிடரியில் காயம் பட்டாலும் அப்படியே. பிடரிக் காயம் ஒரு அருமையான ஆட்ட விதி. சண்டையில் தோற்பது மானக்கேடு அல்ல, காயம் எங்கே பட்டது என்பதே கேள்வி. பின்வாங்க நினைக்கும் ஆட்டக்காரர், தன் உயிர்ப்புள்ளிகளை மட்டும் எண்ணாமல் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவது என்றும் யோசிக்க வேண்டிவரும்.

போன மானம் திரும்புமா? க்ரித் கவ்லாக் இதற்குச் சொல்லும் வழி எந்த விளையாட்டு நூலையும் விடச் சுத்தமானது. முகத்தில் பட்ட அழுக்கைக் கழுவ மூன்று பொருள்: தேய்கல், தண்ணீர், துண்டு. தேய்கல் என்பது ஊர் அறியத் தவற்றை ஒப்புக்கொண்டு, இனிச் செய்யேன் என்பது. தண்ணீர் என்பது இழப்பை ஈடுகட்டுவது. துண்டு என்பது தவமிருந்து பரிகாரம் செய்வது. மூன்று படிகள், மூன்று வேறு காட்சிகள், மூன்றிலும் ஊர் பார்க்கவேண்டும். காட்டுக்குள் போய் ஐந்து பூதங்களைக் கொன்று மானத்தை நிரப்பிக்கொண்டு வரும் குறுக்குவழிக்கு இதில் இடமில்லை.

வாளைவிடக் கூரான ஆயுதம் ஒன்று இந்த உலகில் உண்டு, வசை. கவிஞனின் வசைப்பாட்டு முகத்தில் கொப்புளம் எழுப்பும் என்று நம்பினார்கள். சட்டமும் அதைக் கடும் குற்றங்களோடு வைத்தது. ஒருவரின் உடற்குறையைக் கேலி செய்தல், ஒட்டிக்கொள்ளும் பட்டப்பெயர் வைத்தல், செத்தவரை வசைபாடுதல் எல்லாவற்றுக்கும் முகவிலை கட்டவேண்டும். அறம் பாடி அழித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த ஒற்றுமையை விளையாட்டாகச் சொல்லாமல் ஆராய்ந்தவர் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தம் நூலில் சங்கப் பாணர் மரபைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்தார். தாம்சன் கிரேக்கப் பேராசிரியர், ஆனால் ஐரிஷ் மொழியில் ஊறியவர், கால்வேயில் ஐரிஷ் வழியே பாடம் நடத்தியவர். புகழும் வசையும் பொருளாதாரமாகவே இயங்கும் சமூகம் என்றால் என்னவென்று அந்த இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

மேசையில் வசையை அப்படியே விட்டால் கவிஞன் பாத்திரம் எடுத்தவர்தான் ராஜா. அதற்கும் கடிவாளம் பழைய நூல்களிலேயே கிடக்கிறது. நியாயமான வசைக்கு முன் கவிஞன் எச்சரிக்கைப் பாட்டு ஒன்று பாடவேண்டும். அதில் புகழ்ச்சியும் பழியும் கலந்திருக்கும், எதிராளிக்குத் திருந்த அவகாசம் இருக்கும். நியாயமில்லாத வசை பாடியவனையே திருப்பி அடிக்கும். கொனாக்ட் அரசன் கையர், தன் சகோதரன் மகனான நேடெ என்ற கவிஞனை வளர்த்தவன். அரசுக்கு ஆசைப்பட்டு நேடெ ஒரு கத்தியைக் கேட்கிறான். அந்தக் கத்தியைக் கொடுப்பது கையருக்கு விலக்கு. மறுத்ததும் வசை, மறுநாள் காலை முகத்தில் மூன்று கொப்புளம். முகக்குறை உள்ளவன் அரசனாக இருக்கமுடியாது. கையர் ஓடிப்போகிறான், பிறகு வெட்கத்திலேயே சாகிறான். அதே இடத்தில் பாறை வெடித்துச் சிதறிய சில்லு பட்டு நேடெவும் சாகிறான். தவறான வசைக்குப் பகடை எதிராக விழுந்தால் கொப்புளம் கவிஞன் முகத்தில் வரட்டும்.

விருந்தில் முதல் கறித்துண்டு யாருக்கு என்ற சண்டையும் கெல்டிக் கதைகளில் பேர்போனது. மக் டாதோவின் பன்றியை அறுக்கும் உரிமைக்காக கெட் என்பவன் ஒவ்வொருவனாக அவமானப்படுத்தி உட்கார வைக்கிறான். கோனல் கெர்னாக் வந்ததும் அவன் எழுந்து வழிவிடுகிறான், ஆனால் அன்லுவன் மட்டும் இங்கிருந்தால் உனக்குச் சரியான போட்டி என்கிறான். இருக்கிறானே என்று கோனல் இடுப்பிலிருந்து அன்லுவனின் தலையை எடுத்து கெட்டின் மார்பில் வீசுகிறான். இதற்குத் தனி விதி வேண்டியதில்லை, ஆட்டக்காரர்களுக்குப் பேச வாய்ப்பு மட்டும் வேண்டும்.

கிழவிகளின் நாய்க்கறிக்கு வருவோம். அந்த விலக்கின் பெயர் 'கேஷ்'. பல விளையாட்டுகள் கேஷையும் மானத்தையும் ஒரே பையில் போட்டுவிடுகின்றன. இரண்டும் வேறு. எனெக் ஊர் தருவது, எல்லாருக்கும் பொது. கேஷ் ஒருவனுக்கே உரியது, பெரும்பாலும் காரணமும் சொல்லப்படாதது. அரசன் கொனரெ மோரின் கதை இதைக் கடிகாரம் போல ஓட்டிக்காட்டுகிறது. கொள்ளையடித்த தன் வளர்ப்புச் சகோதரர்களுக்குத் தண்டனையில் அவன் சலுகை காட்டுகிறான். அந்தக் கோணல் தீர்ப்புக்குப் பின் அவன் விலக்குகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. சிவப்பு ஆடை, சிவப்புக் குதிரை, மூன்று பேர் அவனுக்கு முன்னால் போகிறார்கள். முந்தவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. 'பிளேட்ஸ் இன் தி டார்க்' ஆட்டம் பழக்கிய, வட்டத்தைக் கூறு கூறாக நிரப்பும் கடிகார முறை இதற்கு அச்சாகப் பொருந்தும். கூ குலினின் இரட்டைச் சிக்கலுக்கு 'ஃபேட்' ஆட்டத்தின் வழி நல்லது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு வில்லையை நீட்டுவார். கேஷுக்குப் பணிந்து சிக்கலில் மாட்டினால் வில்லை உனக்கு. இரண்டு கேஷ் மோதும் நாளில் இரண்டு வில்லை நீட்டப்படும், ஒன்றைத்தான் எடுக்கமுடியும்.

'கெல்டிக்' என்ற சொல்லையே சந்தேகிப்போர் உண்டு. வீரனுக்குத் தொடைக்கறி தரும் வழக்கத்தை கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் பொசிடோனியஸ் கண்டது 'கால்' (Gaul) நாட்டில். மக் டாதோ கதை எழுந்தது பல நூற்றாண்டு கழித்து அயர்லாந்தில். சட்டநூல்களை ஏட்டிலேற்றியவர்கள் கிறித்தவத் துறவிகளும் அவர்களிடம் படித்தவர்களும். தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸ் 1999இல் எழுதிய நூலில் தீவுகளின் பண்டைய மக்களைக் கெல்ட்டுகள் என்பதே பிற்காலக் கட்டுமானம் என்றார். கற்பனை உலகம் படைப்பவருக்கு இது தடையில்லை. எந்தக் காலத்து எந்த ஊரை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் போதும்.

அதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. கூமல் என்ற சொல்லின் முதற்பொருள் அடிமைப் பெண். அரசனின் முகத்தை ஏழு பெண்களால் எண்ணிய கணக்கு அது. பல வடிவமைப்பாளர்கள் ஓசைப்படாமல் எல்லாவற்றையும் பசுவாக மாற்றிவிடுகிறார்கள். ஆடுவோர் வசதிக்காக அது தேவையாகவே இருக்கலாம், ஆனால் முன்னுரையில் ஒரு பத்தியாவது எழுதிவிட்டு மாற்றுவது நேர்மை. பெண்களின் நிலையும் அட்டவணையில் ஒடுங்காதது. மனைவிக்கு வழக்கமாகக் கணவன் விலையில் பாதி. ஆனால் சொத்து மனைவியுடையது என்றால் கணவனின் விலை மனைவியைப் பொறுத்தது. தோய்ன் காவியத்தின் பிந்திய வடிவில், அரசி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் கிடந்தபடி யார் சொத்து பெரிது என்று பானை சட்டி முதல் எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கின் அடியில் இருக்கும் கேள்வி இதுதான். எல்லாம் சமம், அலிலிடம் ஒரு வெள்ளைக்கொம்பன் காளை மட்டும் கூடுதல். போர் தொடங்குகிறது.

ஏழைக்கு என்ன ஆயுதம்? பெரிய மனிதரிடம் வழக்கு இருந்தால், அவர் வாசலில் போய் உண்ணாமல் உட்காரலாம். உள்ளே இருப்பவர் ஈடு தருவதாக உறுதி கூறாமல் சாப்பிட்டுவிட்டால் கடன் இரட்டிப்பாகும், கண்டுகொள்ளாமலே விட்டால் முகமே போகும். இதை ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இம்முறை ஆட்டக்காரரின் பாத்திரம்தான் பிரபு, போன மாதம் எவனோ ஒருவனின் வயலைக் குதிரைகளால் மிதித்தவர், அதை மறந்தும் போனவர். பொழுது சாய்கிறது. கூடத்தில் விருந்தாளிகள், நடுவில் வறுத்த பன்றி, பரிசுக்காகக் காத்திருக்கும் கவிஞர். வாயில்காப்பவன் வந்து காதோடு சொல்கிறான், வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், சாப்பிட மாட்டேன் என்கிறான். விருந்தாளிகள் முன்னால் முதல் துண்டை அறுக்கவேண்டியவர் பிரபு. கத்தி அவர் கையில் இருக்கிறது.